நீச்சல்குளம், சிறியது

எங்கள் வீட்டில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது என்பது, வீட்டு வரிச் சீட்டு வந்த அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது.

சீட்டைப் பிரித்தவள் என் மனைவி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசி வரியில் ஆரம்பித்து மேலே படித்துக்கொண்டு போவாள். அன்றைக்குக் கடைசி வரியைத் தாண்டவே வெகுநேரம் ஆனது. போன வருஷம் கட்டியதைப் போல மூன்று மடங்கு போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தொகை அசையவில்லை.

"என்னங்க, நம்ம வீட்ல நீச்சல்குளம் எப்போ கட்டினீங்க?"

"எங்கே?"

"மொட்டைமாடியிலயாம். போட்டிருக்கான்."

நான் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறவன். பொழுது விடிந்தால் ஊரார் வாய்க்கெல்லாம் மேல்செட்டும் கீழ்செட்டும் செய்துகொண்டிருக்கிற எனக்குக் குளம் வெட்ட ஏது நேரம்? ஆனாலும் அரசாங்கக் காகிதம் என்றால் ஒரு பயம் வந்துவிடுகிறது பாருங்கள், இரண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே நீலத் தார்ப்பாய் மட்டும்தான் விரித்துக் கிடந்தது.

விரித்தவன் நான்தான். மகளுடைய அறைக்கு மேலே தளம் விரிசல் விட்டிருந்தது. மழை பெய்தால் ஒழுகும். ஈரச்சுவர் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைப்பு வந்துவிட்டது. ஒட்டுப்போட்டால் நிற்காது, தளத்தையே புதிதாகப் போட வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதற்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தோம். சேர்ந்தும் விட்டது. மழைக்காலம் வருவதற்குள் வேலையை முடித்துவிடுவது என்று கொத்தனாரிடம் பேசி வைத்திருந்தோம். அதுவரைக்கும் ஒப்பேற்றத்தான் அந்தத் தார்ப்பாய்.

வரி அலுவலகம் இந்த வருஷம் வீடு வீடாக ஆள் அனுப்பாமல் வானத்திலிருந்து படம் எடுத்திருக்கிறது. மேலேயிருந்து பார்த்த புண்ணியவானுக்கு நீலமாக, நீள்சதுரமாக, பளபளவென்று ஒன்று தெரிந்திருக்கிறது. எங்கள் வசதியைப் பற்றி எங்களைவிட உயர்ந்த அபிப்பிராயம் அவருக்கு.

"மேல்முறையீடு பண்ணுங்க மாமா" என்றான் மனைவியின் தம்பி. அவனுக்கு எல்லா அலுவலகத்திலும் ஆள் தெரியும். அந்த ஆட்களுக்குத்தான் அவனைத் தெரியாது. "ஒரு மனு. ஒரே ஒரு மனு. சிரிச்சுக்கிட்டே குறைச்சுத் தருவாங்க."

சிரித்தார்கள் என்பது உண்மைதான். கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு முத்துப் போலப் பற்கள், ஒன்றுகூடக் கட்டினது இல்லை, அத்தனையும் சொந்தம். அதனால் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். கூடத்துச் சுவரில் 'மக்களே எங்கள் எஜமானர்கள்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே போட்டிருந்த நாற்காலிகளில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. எஜமானர்கள் நாங்கள் எல்லாரும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தோம்.

"எங்க வீட்ல நீச்சல்குளம் இல்லைங்க" என்றேன்.

"மனுவிலே 'இல்லை'ன்னு எழுத இடம் கிடையாது சார்."

"ஏங்க?"

"இல்லாததுக்கு நாங்க வரி போடுவோமா? போட்டிருக்கோம்னா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அது தப்புன்னு சொல்லத்தாங்க வந்திருக்கேன்."

"தப்புன்னு சொல்றதுக்குத் தனி கவுண்டர் வெச்சிருந்தோம். ஒருத்தரும் வரலைன்னு எடுத்துட்டாங்க."

"ஏன் வரலை?"

"கவுண்டர் மூடியிருந்துச்சே, எப்படி வருவாங்க?" என்றார், என்னுடைய அறியாமைக்கு இரங்கி.

மனுவில் குளத்துக்கு நேராக மூன்று கட்டங்கள் இருந்தன. பெரியது, நடுத்தரம், சிறியது. எங்களுக்கு நடுத்தரம் என்று போட்டிருந்தார்கள். அளவைப் பற்றி முறையிடலாம், இருப்பைப் பற்றி முறையிட முடியாது என்று அந்த அம்மா விளக்கினார். மைத்துனன் என் காதோரம் வந்து, "மாமா, சிறியதுன்னு டிக் அடிங்க. பாதியாவது குறையும். மீதியை நேர்ல பேசிக்கலாம்" என்றான். வரிசையில் பின்னால் நின்றவர் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் சிறியது என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். இல்லாத குளத்தை என் கையாலேயே ஒப்புக்கொண்டது அப்படித்தான்.

"இப்போ வரி முழுசையும் நல்லெண்ண வைப்பாக் கட்டிடுங்க" என்றார் அந்த அம்மா.

"வரி அதிகம்னுதானே மேல்முறையீடு? அதையே கட்டச் சொன்னா?"

"வரி கட்ட மனசில்லாமதான் வந்திருக்கீங்களோன்னு நாங்க உங்களைச் சந்தேகப்படக் கூடாது பாருங்க. கட்டிட்டா அந்தச் சந்தேகமே வராது. உங்க மரியாதைக்காகத்தான் சார் இந்த ஏற்பாடு."

தளம் போட வைத்திருந்த பணம் என் மரியாதையைக் காப்பாற்றப் போய்விட்டது. கொத்தனாரிடம், 'கொஞ்சம் பொறுங்க' என்று சொன்னேன். வானத்திடம் சொல்ல வழி இல்லை. மழை வந்துவிட்டது.

மழையோடு, குளத்தை அளக்க வரி அலுவலகத்து அளவையாளரும் வந்தார். கையில் டேப், தோளில் பை, காலில் முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ். மாடிப்படியைக் காட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"நான் ஏறக் கூடாது. குளத்துக்கிட்ட போகணும்னா நீச்சல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். விதி. உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"வீட்டம்மாவுக்கு?"

"தெரியாது."

"வீட்ல ஒருத்தருக்குமே நீச்சல் தெரியாது. அப்புறம் எதுக்கு சார் குளம்? ஆடம்பரம்தானே!" என்று உச்சுக்கொட்டினார்.

"அய்யோ, மேலே தார்ப்பாய்தான் சார் இருக்கு. எட்டிப் பாத்தா தெரியும்."

"எட்டிப் பாத்து மதிப்பிடக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. வீட்டுக்காரங்க அந்தரங்கம்."

வானத்திலிருந்து பார்த்தபோது அந்தரங்கம் எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். மாடிக்கு வராதவர் உள்ளேயாவது பார்க்கட்டும் என்று மனைவி அவரை மகளுடைய அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வாளி. கட்டிலை இழுத்து மூலையில் போட்டு, அதில் மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது.

அளவையாளர் முகம் மலர்ந்துவிட்டது.

"தண்ணி இருக்கே! மேலே குளம் இல்லைன்னு சொன்னீங்களே? மேலே தண்ணி இல்லாம கீழே எப்படி சார் சொட்டும்?"

"மழைத் தண்ணி சார் அது!" என்றாள் மனைவி.

"எந்தத் தண்ணியா இருந்தா என்னம்மா? குளத்துல தண்ணி எங்கேருந்து வந்ததுன்னா நாங்க கேக்கிறோம்?"

சொட்டுகிற இடத்துக்கும் வாளிக்கும் இடையே டேப் பிடித்து அளந்தார். வாளியின் வாயை அளந்தார். நோட்டை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'உள்ளரங்க நீரூற்று. கீழ்நோக்கிய வகை. ஏந்து தொட்டி உண்டு' என்று இருந்தது.

"சார், குழந்தைக்கு மூச்சு விட முடியலை. நாலு நாளாத் தூக்கமில்லை. அதையும் எழுதுங்க சார்" என்றாள் மனைவி. குரல் உடைந்துவிட்டது.

அவர் மனிதாபிமானம் உள்ளவர். உடனே எழுதினார். 'குடியிருப்போர் நீரூற்றின் அருகே உறங்கும் பழக்கம் உடையவர்கள்.'

அடுத்த வாரம் திருத்தப்பட்ட சீட்டு வந்தது. அதில் குளத்தோடு நீரூற்றும் சேர்ந்திருந்தது. என் மனைவி வாய்க்கு வந்தபடி திட்டினாள். அலுவலகத்தைத் திட்டி, அளவையாளரைத் திட்டி, தன் தம்பியைத் திட்டி, கடைசியில் டிக் அடித்த என் கையில் வந்து நின்றாள். யாரோ எடுத்த ஒரு படத்தைத் தப்பென்று சொல்ல முடியாமல் இத்தனை பேர் இத்தனை நாள் மெனக்கெடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"தார்ப்பாயை எடுத்துட்டு நாமளும் போட்டோ எடுப்போம் மாமா. வெறும் தளம். விரிசல் தெரியணும். அசந்துடுவாங்க" என்றான் மைத்துனன்.

எடுத்தோம். விரிசல் பளிச்சென்று விழுந்தது. தார்ப்பாயை மறுபடி விரிப்பதற்குள் ஒரு பாட்டம் மழை கொட்டி, மகளுடைய மெத்தை ஊறிப்போனது. அவளை அடுப்படிக்கு மாற்றினோம். படங்களை எடுத்துக்கொண்டு வரி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் போனேன். அவருக்குச் சுழல்நாற்காலி. ஒவ்வொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்க எங்கேருந்து எடுத்தது?"

"மாடியில நின்னுதான் சார்."

"அதாவது, கீழேருந்து."

"மாடிதானே சார் மேலே?"

"எங்களுக்கு அது கீழே." படங்களை என் பக்கம் தள்ளினார். "பாருங்க தம்பி, மக்கள் பண்ற தப்பே இதுதான். பக்கத்துல நின்னு பாக்கிறீங்க. பக்கத்துல நின்னா விரிசல், ஈரம், குழந்தை, இருமல்னு சில்லறை விஷயமெல்லாம் கண்ணுல விழும். நிர்வாகம் பண்ண முடியாது. நான் இந்த நாற்காலிக்கு வந்ததுலேருந்து ஒரு வீட்டையும் நேர்ல பாத்ததில்லை. அதனாலதான் என்னால எல்லாரையும் சமமா நடத்த முடியுது."

நான் கும்பிடு போட்டுவிட்டுப் படங்களைப் பொறுக்கினேன். அப்போதுதான் அவருக்கு வேறொன்று உறைத்தது.

"இருங்க, இருங்க. இந்தப் போட்டோவுல குளத்தைக் காணோமே? வழக்கு நடக்கும்போது குளத்தை அகற்றினீங்களா? அனுமதி வாங்கினீங்களா?"

விசாரணைக்கு முன்னால் குளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கையோடு உத்தரவு கொடுத்தார். தார்ப்பாய் ஏற்கெனவே விரித்தாகிவிட்டது என்றேன். "நல்ல குடிமகன்" என்று பாராட்டி அனுப்பினார்.

விசாரணை மன்றத்தில் மேடை கழுத்தளவு உயரம். அதன்மேல் தலைவரும் மதிப்பு நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். மனுதாரர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வட்டம் போட்டிருந்தது. நானும் மனைவியும் அதில் ஒட்டிக்கொண்டு நின்றோம். மைத்துனன் வட்டத்துக்கு வெளியே. மனுதாரர் மன்றத்தோடு நேரடியாகப் பேசக் கூடாது. நாங்கள் சொல்வதை அலுவலக மொழியில் மாற்றிச் சொல்ல ஒரு எடுத்துரைப்பாளர் நின்றுகொண்டிருந்தார். கணீரென்ற குரல்.

"வீடு ஒழுகுதுங்க" என்றேன்.

"மனுதாரர் இல்லத்தில் நீருக்குக் குறைவில்லை" என்றார் எடுத்துரைப்பாளர்.

"பாப்பாவுக்கு மூச்சிரைக்குதுங்க."

"வாரிசு ஒன்று உண்டு. சுவாசிக்கிறது."

தலைவர் தலையை ஆட்டினார். அவருடைய மேல்செட் சரியான பிடிமானம் இல்லாமல் நாலு சொல்லுக்கு ஒருதரம் நழுவியது. கட்டைவிரலால் மேலே தள்ளிக்கொண்டு பேசினார். எந்தப் புண்ணியவான் அளவெடுத்தானோ, அண்ணத்தைப் பார்க்காமலே செய்திருக்கிறான்.

"வரி என்பது தண்டனை அல்ல" என்றார் தலைவர். "உன்னிடம் ஏதோ இருக்கிறது என்று அரசாங்கம் கொடுக்கிற நற்சான்று. போன வருஷம் வரைக்கும் இந்தக் குடும்பத்தை யாருக்குத் தெரியும்? இன்றைக்குக் குளம் உள்ள குடும்பம். அந்தக் கௌரவத்தைக் கொடுத்தது நாங்கள். அதை வேண்டாம் என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? இந்த மன்றம் இதுவரைக்கும் ஒரு மனுவைக்கூட அவசரப்பட்டுப் படித்தது இல்லை. அத்தனை பொறுப்போடு நாங்கள் இருக்கும்போது..."

செட் நழுவிவிட்டது. அவர் தள்ளிக்கொள்வதற்குள் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்போ வாங்க சார், நீங்களே வந்து குதிச்சு நீந்திக் காட்டுங்க!"

"மனுதாரர் மன்றத்தினரை நீராட அழைக்கிறார்" என்றார் எடுத்துரைப்பாளர்.

"வெளியாருக்கும் அனுமதி உண்டா? அப்படியென்றால் வணிக விகிதம் அல்லவா வரும்?" என்று தலைவர் ஏட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அந்த நேரத்தில் இத்தனை நேரமும் கண்மூடி இருந்த மதிப்பு நிபுணர் கண்ணைத் திறந்தார்.

"ஒரு சந்தேகம். மேலே குளம், கீழே எந்நேரமும் நீரூற்று. அப்படி நனைகிற வீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? வீட்டுக்குப் போட்ட மதிப்பு அதிகமோ?"

முதல்முறையாக ஒருவர் எங்கள் பக்கம் பேசுகிறார். மைத்துனன் வெளியேயிருந்து, "பிடிச்சுக்கோங்க மாமா" என்று கிசுகிசுத்தான். நான் பிடித்துக்கொண்டேன்.

"மதிப்பா? மதிப்பே இல்லைங்க! சுவரெல்லாம் உப்புப் பூத்துப்போச்சு."

"தரை கால் வெச்சா ஆடுதுங்க" என்றான் மைத்துனன்.

"கதவு எதுவும் சாத்த வராதுங்க" என்றேன்.

நல்ல கதவுகள் அவை. நானும் மனைவியும் கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த கதவுகள். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். குறைந்தால் தளம் போட்டுவிடலாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அவளும் தலையைக் குனிந்துகொண்டு, "அடுப்படியும் இடிஞ்சு விழற மாதிரிதான் இருக்குங்க" என்றாள். அந்த அடுப்படி ஜன்னலுக்காக என்னோடு ஒரு மாதம் சண்டை போட்டவள் அவள். ஆனாலும் நிறுத்தவில்லை. ஏலத்தில் விலையை ஏற்றுவார்களே, அந்த மாதிரி நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றி எங்கள் வீட்டை இறக்கிக்கொண்டே போனோம். எடுத்துரைப்பாளர் அதில் மட்டும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

மன்றம் கூடிப் பேசியது. தலைவர் செட்டைத் தள்ளிக்கொண்டு தீர்ப்பைப் படித்தார். வீட்டின் மதிப்பு பூஜ்யம். எனவே வீட்டுக்கு வரி கிடையாது. நீரூற்று வீட்டோடு சேர்ந்தது, அதற்கும் கிடையாது. குளம் மட்டும் மனுதாரர் கைப்பட ஒப்புக்கொண்டபடி சிறியது. அதற்கு ஒரு சின்னத் தொகை. மைத்துனன் துள்ளிக் குதித்தான். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். மன்றம் குறைத்த முதல் வரி இது என்று சொல்லித் தலைவர் கீழே இறங்கிவந்து எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மனைவிதான், வழக்கம்போலத் தீர்ப்பைக் கடைசி வரியிலிருந்து படித்தாள்.

"என்னங்க" என்றாள். "மதிப்பில்லாத கட்டடத்துல ஆள் குடியிருக்கக் கூடாதாம். வீட்டைக் காலி பண்ணணுமாம்."

எங்கள் மூன்று பேர் வாக்குமூலமும் அதில் வரிக்கு வரி இருந்தது. யாரிடம் போய் என்ன சொல்வது? தரை ஆடவில்லை, கதவு சாத்துகிறது என்று இனிமேல் சொன்னால் பொய்ச் சாட்சி சொன்ன குற்றம் வரும் என்றார்கள். ஆட்கள் வந்து, நன்றாகச் சாத்துகிற வாசல் கதவைச் சாத்தி, பூட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். மகளுடைய மெத்தையைச் சுருட்டித் தள்ளுவண்டியில் வைத்தபோது மனைவி அழுதாள். நான் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டோம்.

குளத்து வரி போக, மீதி நல்லெண்ண வைப்பைப் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தளம் போட வைத்திருந்த பணம் மறுபடி கைக்கு வந்தது. கொத்தனாரும் தயார். தளத்தைப் போட்டு வீட்டைச் சரிசெய்துவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்று மராமத்து அனுமதி கேட்டு அதே கவுண்டருக்குப் போனேன்.

"மதிப்பே இல்லாத கட்டடத்துக்கு மராமத்து எப்படி சார் தர முடியும்?" என்று முத்துப்பல்லம்மா சிரித்தார். "முதல்ல மதிப்பு வரணும்."

"மராமத்து பண்ணாத்தானேங்க மதிப்பு வரும்?"

"மதிப்பை ஏத்திக் குடுங்கன்னு ஒரு மேல்முறையீடு போடுங்களேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. சுவரோரமாக ஒருத்தர் வரிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாடியில் துணி காயப்போட்டிருந்ததைப் படத்தில் பார்த்துவிட்டுக் கொடிமேடையுடன் கூடிய விழா மண்டபம் என்று போட்டுவிட்டார்களாம். கவுண்டர் அம்மா என்னைக் கைகாட்டி அவரிடம், "இதோ, இவரைக் கேளுங்க. எங்ககிட்ட ஜெயிச்சவர்" என்றார்.

அவர் என் பக்கத்தில் ஓடிவந்தார். கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை.

"நிஜமாவே குறைப்பாங்களா சார்? உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சுது?"

"கிட்டத்தட்ட முழுசும்."

"கொடுத்து வெச்சவர் சார் நீங்க! எனக்குப் பாதி குறைஞ்சாக்கூடப் போதும். மனுவுல என்ன சார் எழுதணும்?"

மனுவில் அவர் ஏற்கெனவே பாதி நிரப்பியிருந்தார். நான் அதைப் பிடுங்கி நாலாகக் கிழித்து என் பையில் திணித்துக்கொண்டேன். அவர் திகைத்து என் சட்டையைப் பிடித்தார்.

"என்ன சார் பண்றீங்க? எங்கே சார் போகச் சொல்றீங்க என்னை?"

"வீட்டுக்கு" என்றேன். "கேக்கிறதைக் கட்டிட்டு ஓடுங்க சார். போறதுக்கு உங்களுக்கு இன்னும் வீடு இருக்கு."